பக்கத்து மனையில் இருபது மாடி: நலச் சங்கங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஏழு வருடம் செயலாளராக இருந்தேன். வக்கீல் இல்லை, இன்ஜினியரும் இல்லை. வங்கியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டம் வந்தபோது அலைந்து கற்றுக்கொண்டது கொஞ்சம். அப்புறம் மற்ற சங்கத்துக்காரர்கள் போனில் கேட்கக் கேட்கத் தேடிப் படித்தது கொஞ்சம். அவர்கள் கேட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். எல்லாம் சென்னைப் பெருநகரப் பகுதிக்கானது. விதிகளை அடிக்கடி திருத்துகிறார்கள், அதனால் மனு எழுதும் அன்று சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் இருக்கும் பிரதியையே பாருங்கள்.

பழைய பங்களாவை இடித்துத் தகரத் தடுப்பு அடித்துவிட்டார்கள். உள்ளே என்ன வரப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாட்ச்மேனைக் கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது. விளம்பரத்தைப் பாருங்கள். இவ்வளவு பெரிய திட்டத்தை ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்யாமல் விளம்பரமே கொடுக்கக் கூடாது. பதிவு எண் கிடைத்தால் தமிழ்நாடு ரெரா தளத்தில் எத்தனை வீடு, எத்தனை மாடி, எந்த அனுமதியின் பேரில் என்பதெல்லாம் இருக்கும். கட்டிடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் தேடலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து, எத்தனை கார் நிற்கும், குப்பை எங்கே போகும் என்று பில்டர் தரப்பே எழுதிக் கொடுத்தது அது. எங்கள் திட்டத்தின் விண்ணப்பத்தைப் படித்த அன்று, எங்கள் தெரு இவ்வளவு அகலமா, இவ்வளவு தண்ணீர் வசதியானதா என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது.

இரண்டிலும் அகப்படவில்லையா, ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். “திட்ட அனுமதி நகல்” என்று ஒற்றை வரியில் கேட்டால் ஒற்றை வரியில்தான் பதில் வரும். தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், நீர்வளத் துறை, விமான நிலைய ஆணையம் ஆகியவை கொடுத்த தடையின்மைச் சான்றுகள், மனையை நேரில் பார்த்தவர் எழுதிய குறிப்பு, சாலை அகலத்தைப் பற்றிய குறிப்பு என்று தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள்.

இங்கே இருபது மாடி கூடாது என்று தடுக்க முடியுமா?

உயரம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி முடியாது. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 18.30 மீட்டரைத் தாண்டுவதை உயர்மாடிக் கட்டிடம் என்று வகுத்து, இன்னின்ன நிபந்தனை இருந்தால் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டன.

சங்கக் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் “நம்ம ஏரியாவோட அழகே போச்சு” என்பதில்தான் போகும். போகட்டும், மனசு ஆறும். ஆனால் அழகைப் பற்றி விதிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. எந்த நிபந்தனை, எத்தனை மீட்டர் குறைகிறது என்று எழுதிக் கொடுத்தால் கோப்பை யாராவது ஒருவர் திறந்து பார்த்தே ஆக வேண்டும். நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் உண்மையைத்தான் சொல்லின. எண் இல்லாமல் சொன்னதால் ஓரமாகப் போய்ச் சேர்ந்தன.

எஃப்.எஸ்.ஐ., பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்கிறார்களே, அது என்ன?

மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. பத்து கிரவுண்டு மனை என்று வைத்துக்கொள்ளுங்கள், 24,000 சதுர அடி. சாதாரணக் கட்டிடத்துக்கு 2 மடங்கு, அதாவது 48,000. உயர்மாடிக்கு 3.25 மடங்கு, 78,000. அதற்கு மேல் அரசுக்குப் பணம் கட்டி வாங்கிக்கொள்வது பிரீமியம். 18 மீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள சாலையில் 50 சதவீதம் வரை கிடைக்கும். 78,000 என்பது 1,17,000 ஆகிவிடும். மனை அதே பத்து கிரவுண்டு, தெருக் குழாயும் அதே குழாய். பில்டருக்கு ஏன் இத்தனை மாடி மேல் ஆசை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்தப் பிரீமியத் தொகையை வாங்கிக்கொள்ளும் அரசை இதில் முழு நடுநிலையாளர் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது?

சாலையை. என்னைக் கேட்டால் முதல், இரண்டாவது, மூன்றாவது எல்லாமே சாலைதான்.

உயர்மாடிக் கட்டிடத்துக்குச் சாலை குறைந்தது 12 மீட்டர் இருக்க வேண்டும், 3.25 முழுதாக வேண்டுமென்றால் 18 மீட்டர். பலரும் கவனிக்காத இடம் இனிமேல்தான்: அந்த அகலம் மனைக்கு முன்னால் மட்டும் இருந்தால் போதாது, சாலையின் நீளவாக்கில் குறைந்தது 500 மீட்டருக்கு இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு நாங்கள் நாலு பேர் முப்பது மீட்டர் டேப்போடு இறங்கினோம். சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நான், எதிர் பிளாக் தம்பி, நோட்டு எழுத அவன் தங்கை. சாலை அகலம் என்றால் தார் போட்ட அகலம் இல்லை. இந்தப் பக்கக் காம்பவுண்டுச் சுவரிலிருந்து அந்தப் பக்கக் காம்பவுண்டுச் சுவர் வரை, நடைபாதை, மழைநீர் வடிகால் எல்லாம் சேர்த்து. இது தெரியாமல் தாரை மட்டும் அளந்து “ஒன்பது மீட்டர்தான் இருக்கிறது!” என்று மனு கொடுத்து அசட்டுப் பட்டம் வாங்கிய சங்கம் ஒன்று எனக்குத் தெரியும். இருபது மீட்டருக்கு ஒரு இடத்தில் சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டே போனோம். டீக்கடைக்காரர், “என்ன சார், ரோடு போடப் போறாங்களா?” என்றார். “இல்லண்ணே, ரோடு இருக்கான்னு பாக்குறோம்” என்றான் தம்பி.

18.2, 18.4, 18.1 என்று வந்துகொண்டிருந்தது பிள்ளையார் கோயில் வளைவில் 15.7 ஆனது. அதற்கு அப்பால் இன்னொரு இடத்தில் 16.9. எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் சர்வேயர் சார், “ஆக்கிரமிப்பா, உண்மையிலேயே குறுகலான்னு பாக்காம குதிக்காதீங்க” என்றார். தாலுகா அலுவலகத்தில் நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகலையும் ஸ்கெட்சையும் வாங்கிப் பார்த்தால், 16.9 காட்டிய இடத்தில் சாலையை விழுங்கியிருந்தது எங்கள் சங்க உறுப்பினர் ஒருவருடைய கார் ஷெட். கூட்டத்தில் அதைப் படித்த அன்று அவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினார். கோயில் வளைவு மட்டும் பதிவேட்டிலேயே குறுகல்தான். அந்த ஒரு எண், ஸ்கெட்ச் நகல், தேதியோடு புகைப்படம், அவ்வளவுதான் எங்கள் மனு. மறு அளவீட்டுக்கு ஆள் வந்தது. ஏழெட்டு மாதம் கழித்து வந்த அனுமதியில் மாடி எண்ணிக்கை குறைந்திருந்தது. கட்டிடமே வராமல் போய்விடவில்லை. அதை எதிர்பார்த்தவர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

செட்பேக், அதாவது கட்டிடத்தைச் சுற்றிக் காலியிடம், எவ்வளவு விட வேண்டும்?

30 மீட்டர் உயரம் வரை நான்கு பக்கமும் 7 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் 1 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 60 மீட்டர் கட்டிடம் என்றால் 12 மீட்டர். தீயணைப்பு வண்டி கட்டிடத்தைச் சுற்றி வருவதற்காக விடும் இடம் அது. வரைபடத்தில் காலியாக இருக்கும். பிறகு அதில் டிரான்ஸ்ஃபார்மர் வரும், ஜெனரேட்டர் வரும், செக்யூரிட்டி ரூம் வரும். அடித்தளத் தூண் எழும்பும்போதே உங்கள் சுவரிலிருந்து அளந்து எழுதி வையுங்கள். மூன்றாவது மாடி ஏறிய பிறகு அளப்பது ஆறுதலுக்குத்தான் உதவும்.

மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் விட முடியாத நிலையில் அதற்கான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அப்படிக் கொடுத்த இடம் ஊருக்குச் சொந்தமான பூங்கா. அதை வேலி போட்டு அடைத்து, உள்ளே குடியிருப்பவர்களின் குழந்தைகள் மட்டும் சறுக்குமரம் ஏறுகிற இடமாக்கியிருந்தால், தானப் பத்திர நகலோடு மாநகராட்சிக்கு எழுதுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மாநகராட்சி உங்கள் பக்கம் நிற்க எல்லாக் காரணமும் இருக்கிறது.

எங்கள் வீட்டு வெயிலும் காற்றும் போய்விடும். அதற்கு உரிமை இல்லையா?

ஓரளவு உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் 15ஆவது பிரிவு. ஒரு ஜன்னல் வழியாக இருபது வருடம் இடைவிடாமல் வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால் அது உரிமையாகும். அதற்குக் கணிசமான கெடுதல் நடந்தால்தான் வழக்கு நிற்கும். ‘முன்பு கடல் தெரிந்தது’ என்பதற்கு உரிமை எதுவும் இல்லை. மொட்டை மாடி வெயிலுக்கும் இந்தப் பிரிவில் இடம் கிடைப்பது கஷ்டம். எங்கள் பிளாக்கில் ஒரு மாமி மாசி, பங்குனியில் அரிசி வடாம் போடுவார். முன்பு நாலரை மணி வரை அடித்த வெயில் இப்போது இரண்டேகால் மணிக்கே புது அடுக்குமாடியின் நிழலில் மறைந்துவிடுகிறது. வடாம் ஒரு நாளில் காய்ந்தது போய் இரண்டு நாள் ஆகிறது. எந்த மனுவிலும் எழுத இடம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

இவ்வளவு பெரிய திட்டத்துக்கு எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டியதில்லை என்பதுதான் கசப்பான பதில். 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டிடங்களையும் நகரியங்களையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கிவிட்டது. ஒரு சுரங்கம் வந்தால் ஊரைக் கூட்டிக் கேட்பார்கள். உங்கள் தெருவில் ஆயிரம் வீடு வந்தால் கேட்க மாட்டார்கள்.

சட்டமே உங்களைக் கேட்கும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. நிலப் பயன்பாட்டை மாற்றும்போது, உதாரணமாகத் தொழிற்சாலைப் பகுதியைக் குடியிருப்புப் பகுதியாக்கும்போது, பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். தபால் தலை அளவுக்கு இருக்கும் அந்த அறிவிப்பைப் பார்ப்பதற்கென்றே சங்கத்தில் ஒருவரை வையுங்கள். எங்கள் சங்கத்தில் அந்த வேலையைச் செய்தவர், தினமும் வரிவிளம்பரம் வரை படிக்கும் பழக்கமுள்ள எண்பது வயதுப் பெரியவர். சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் சேர்த்துக் கொடுப்பார்கள். அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும். தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

20,000 சதுர மீட்டர் என்று சொன்னேன் அல்லவா? 19,800 என்று ஒரு திட்டம் வந்தால் அந்த வரைபடத்தை இரண்டு தடவை கூட்டிப் பாருங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வார்கள்?

கணக்கைப் போடுங்கள். 300 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர். ஒரு நாளைக்கு 1,62,000 லிட்டர். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு வந்து சேரும் வரை, 12,000 லிட்டர் லாரியில் பதிமூன்று, பதினான்கு நடை. 2019 கோடையில் சென்னை லாரிக்காகக் காத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மிச்சம் போர்வெல்லில் இருந்து வரும். வணிக அளவில் நிலத்தடி நீர் எடுக்க 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று மெட்ரோ வாட்டரிடம் கேளுங்கள். உங்கள் பிளாக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை, கயிறு கட்டி அளந்தாவது, நோட்டில் எழுதி வையுங்கள். வழக்கு என்று வந்தால் மூன்று வருட நோட்டு முப்பது கையெழுத்துக்குச் சமம்.

ஆனால் எல்லோரும் தண்ணீர் வருவதைப் பற்றியே கேட்கிறார்கள், போவதைப் பற்றிக் கேட்பதில்லை. வந்த தண்ணீரில் பெரும்பகுதி கழிவுநீராகப் போகும். உங்கள் தெருவில் ஏற்கெனவே மழைக் காலத்தில் மேன்ஹோல் பொங்குகிறதா? பொங்கும்போது கொடுத்த ஒவ்வொரு புகாரின் எண்ணையும் சேர்த்து வையுங்கள். ‘இந்தக் குழாயில் இன்னும் எவ்வளவு தாங்கும்?’ என்ற கேள்விக்குத்தான் என் அனுபவத்தில் அதிகாரிகள் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னார்கள்.

பைலிங் (அஸ்திவாரத் தூண்களை ஆழமாக இறக்குவது) போடும்போது எங்கள் சுவரில் விரிசல் விட்டால்?

விரிசல் விடுவதற்கு முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு அறையையும், பழைய விரிசல்களோடு சேர்த்து, தேதி தெரியப் படம் எடுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் வளர்ந்திருக்கிறது. சின்னக் கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே சிமெண்டில் பதிப்பது இன்னும் நல்லது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு கட்டமைப்பு இன்ஜினியரை வைத்துப் பில்டர் செலவிலேயே முன்கூட்டி ஆய்வு செய்யச் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஒழுங்கானவர்கள் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் அது காப்பு.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2014 ஜூன் 28 மாலை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூர்களில் இருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அனுமதித் தாள் இருக்கிறது என்பதும் கட்டிடம் நிற்கும் என்பதும் வேறு வேறு விஷயங்கள்.

ராத்திரி பூராவும் ரெடிமிக்ஸ் லாரி வருகிறது.

இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. 100க்குப் போன் செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் புகார் எண்ணை எழுதி வையுங்கள். லாரி ஓட்டுநரிடம் சண்டை போடாதீர்கள். பகலில் பல நேரம் அந்த லாரி ஊருக்குள் வர முடியாது, அந்தத் தம்பியும் தூங்கவில்லை.

அக்கம்பக்கத்தார் எதிர்த்து ஒரு அடுக்குமாடிக் கோபுரத்தின் வேலையாவது நின்றதுண்டா?

நின்றதோடு இல்லை, இடிந்ததே உண்டு. தில்லிக்குப் பக்கத்தில் நொய்டா 93ஏ செக்டார், எமரால்டு கோர்ட் என்ற அடுக்குமாடி வளாகம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டங்களில் இதைத் தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள்.

2006ஆம் ஆண்டுத் திட்டப்படி அங்கே வீடு வாங்கியவர்களுக்கு முதல் கோபுரத்தின் முன்னால் பசுமைப் பகுதி காட்டப்பட்டிருந்தது. 2009 நவம்பரில் திருத்திய வரைபடத்தில் அந்தப் பக்கம் 24 மாடியில் இரண்டு கோபுரங்கள் முளைத்தன. 2012 மார்ச்சில் அதுவே 40 மாடியானது. குடியிருப்பவர்கள் நொய்டா ஆணையத்திடம் வரைபடம் கேட்டார்கள். ஆணையம் பில்டரிடம் “கொடுக்கலாமா?” என்று கேட்டது. பில்டர் “கொடுக்காதே” என்றார். ஆணையம் கொடுக்கவில்லை. இதை நான் நக்கலாகச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இந்த விவரம் இருக்கிறது.

2012 டிசம்பரில் சங்கம் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2014 ஏப்ரல் 11 அன்று இடிக்க உத்தரவு. பில்டர் மேல்முறையீட்டுக்குப் போக, ஏழு வருடம் கழித்து, 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வீட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு திருப்பித் தரவும், சங்கத்துக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கவும் சொன்னது. 2022 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, சுமார் 3,700 கிலோ வெடிமருந்தில், ஏறக்குறைய நூறு மீட்டர் உயரமிருந்த ஏபெக்ஸ், சியான் என்ற அந்த இரண்டு கோபுரங்களும் பத்துப் பன்னிரண்டு நொடியில் கீழே வந்தன. சுற்றியிருந்த ஆயிரக்கணக்கானவர்களை நாய், பூனையோடு காலையிலேயே வெளியே அனுப்பியிருந்தார்கள்.

எதில் ஜெயித்தார்கள் என்று பாருங்கள். பக்கத்துக் கோபுரத்துக்கும் புதியதற்கும் இடையே 16 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 9 மீட்டர் இருந்தது. ஒரே வளாகத்தின் பொது நிலத்தில் கட்டும்போது வீட்டு உரிமையாளர்களின் சம்மதம் வாங்கவில்லை. இந்த இரண்டாவது காரணம் உங்களுக்கு வாய்க்காமல் போகலாம். நீங்கள் அடுத்த மனைக்காரர், அவர்கள் அதே மனையில் பங்கு உள்ளவர்கள். அந்த இடத்தில்தான் “நொய்டாவுல இடிச்சாங்களே, இங்க ஏன் முடியாது?” என்ற கேள்வி தடுமாறுகிறது. முதல் காரணம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் காலத்தையும் கணக்கில் வையுங்கள்: வரைபடம் மாறிய 2009க்கும் வெடி வைத்த 2022க்கும் இடையே பதிமூன்று வருடம்.

விதியை மீறிக் கட்டிவிட்டுப் பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்வார்களாமே?

அந்தப் பழக்கம் நம் ஊரில் உண்டு. 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றைப் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம், இது ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். பிறகு திரும்பத் திரும்ப நீட்டினார்கள். சென்னையின் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2006இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அதற்கும் பிறகு 2007 ஜூலை 1க்கு முந்திய கட்டிடங்களுக்காக 113-சி வந்தது. தி.நகரில் நடந்தால் இந்த வரலாறு இரண்டு பக்கமும் மாடி மாடியாக நிற்பது தெரியும்.

இப்போது கையில் இருக்கும் நல்ல பிடி, அனுமதித்தபடியே கட்டி முடித்தார்கள் என்று கொடுக்கும் நிறைவுச் சான்று. அது இல்லாமல் உயர்மாடிக்கு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு கொடுக்கக் கூடாது. மீறல் இருந்தால் சான்று கொடுப்பதற்கு முன்பே சி.எம்.டி.ஏ.வுக்கும் மின்வாரியத்துக்கும் மெட்ரோ வாட்டருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். வேலையை நிறுத்தவும் அனுமதியற்றதை அகற்றவும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆவது பிரிவுகள் இருக்கின்றன; கடிதத்தில் அவற்றைக் குறிப்பிடுங்கள்.

எங்களுடையது சதுப்புநிலத்துக்குப் பக்கம்.

அப்படியானால் உங்கள் வழக்கே வேறு. பள்ளிக்கரணையில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. அதன் எல்லையும் தாக்க மண்டலமும் வரையறுக்கப்படும் வரை, ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு உத்தரவிட்டது. இங்கே சாலை அகலத்தை அளந்து கொண்டிருக்காமல் சர்வே எண்ணையும் நீர்நிலைப் பதிவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் சொந்த பிளாக்கையே இடித்து உயரமாகக் கட்டலாம் என்கிறார்கள். சங்கம் இரண்டாகிவிட்டது.

இது தொற்றுநோய் மாதிரி எல்லா இடத்திலும் இருக்கிறது. வீட்டு வசதி வாரியம் நாற்பது வருடம் முன்பு கட்டிய மூன்று மாடி பிளாக்குகள், தளத்திலிருந்து கம்பி தெரிகிறது, லிஃப்ட் கிடையாது, முதல் குடியேறியவர்களுக்கு முட்டி வலி. 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. யு.டி.எஸ். (நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, இடைக்காலத்தில் வாடகை யார் தருவது, பில்டர் பாதியில் ஓடினால் வங்கி உத்தரவாதம் உண்டா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மறுக்கும் ஒரு வீட்டுக்காரரை ‘வில்லங்கம் பிடித்தவர்’ என்று ஒதுக்கவும் செய்யாதீர்கள். எங்கள் பகுதியில் அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு அம்மா கேட்டது ஒரே கேள்வி: “கட்டி முடிக்கிற வரைக்கும் நான் உயிரோட இருப்பேனா?”

எதிர்ப்பது நம் சுயநலம்தானே?

பாதி அதுதான். நாம் குடியிருக்கும் பிளாக்கும் யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பாக இருந்தது. அன்று நம்மை எதிர்க்க இங்கே சங்கம் இல்லை. 1959இல் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. எழும்பியபோது ஊரே அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டது. மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் நிறைய வீடு வருவது நியாயம், இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் மறைமலைநகருக்கு அப்பால்தான் வீடு தேட வேண்டும். கூட்டத்தில் சிலர் “வாடகைக்கு வர்றவங்க யாரு எவருன்னு தெரியாது” என்று ஆரம்பிப்பார்கள். அந்த இடத்தில் பேச்சை நிறுத்துங்கள். அது கட்டிடத்தை எதிர்ப்பது இல்லை, மனிதர்களை எதிர்ப்பது. அந்த வாசகம் மனுவில் ஒரு வரி வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதுண்டு, அதனால் இரண்டு பேரை இழந்ததும் உண்டு.

பில்டர் பேசக் கூப்பிடுகிறார். போகலாமா?

போங்கள். தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர், ஒரு நோட்டு, வந்தவுடன் பேசியதை மின்னஞ்சலில் அவருக்கே அனுப்பிவிடுங்கள். எங்களுக்குச் சங்க அலுவலகத்துக்குப் பெயிண்ட், தெருவுக்கு கேமரா, கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை என்று வரிசையாக வந்தது. கோயில் நன்கொடையை வேண்டாம் என்பதற்குத்தான் கஷ்டப்பட்டோம். அதற்குப் பதிலாக நாலு விஷயம் கேட்டோம்: பைலிங்குக்கு முன் விரிசல் ஆய்வு, பள்ளி விடும் நேரத்தில் லாரி கூடாது, எங்கள் பக்கத்துச் சுவரில் வலை, வாகன நுழைவாயில் கோயில் வளைவிலிருந்து தள்ளி. மூன்று கிடைத்தது. லாரி நேரம் மட்டும் காகிதத்திலேயே இருந்தது.

மனு யார் பெயரில் இருக்க வேண்டும்?

பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில், 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி புதுப்பித்து வைத்திருந்தால். புதுப்பிக்காமல் விட்டிருப்பீர்கள், எல்லோரும் விட்டிருப்பார்கள். முதலில் அதைச் செய்யுங்கள். கூடவே நேரடியாகப் பாதிக்கப்படும் இரண்டு மூன்று வீட்டுக்காரர்களும் தனித்தனியாகக் கொடுக்கட்டும்.

கட்டி முடித்துக் குடியும் வந்துவிட்டார்கள். அவர்களிடம் எப்படி இருப்பது?

அவர்கள் கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள், நம்மைப் போல. சாலை அகலத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. முதல் வருடம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது எங்கள் தப்பு. அடுத்த நவம்பரில் மழைத் தண்ணீர் அவர்கள் பேஸ்மெண்டில் இறங்கியது. அவர்கள் பம்பு போட்டு இறைத்ததும் எங்கள் தெருவுக்கு வந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் முழங்கால் தண்ணீரில் நின்று வடிகால் மூடியைத் தேடிய அன்றைக்குத்தான் பெயர் கேட்டுக்கொண்டோம். இப்போது லாரி வரும் நேரம், குப்பை வண்டி, மேன்ஹோல் புகார் எல்லாவற்றுக்கும் ஒரே வாட்ஸ்அப் குழு. சங்கத்தின் இப்போதைய பொருளாளர் அந்தக் கட்டிடத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். ரசீதில் கையெழுத்து வேண்டுமென்றால் லிஃப்டில் போய்த்தான் வாங்க வேண்டும்.